தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரிகள்: கற்பித்தல் முறைகளின் வரலாறும் கல்வராயன் மலையும்

சமுதாயக் கல்லூரி என்பது பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்கும், பள்ளியை முடித்தும் பட்டப்படிப்புக்குச் செல்ல இயலாதவர்களுக்கும், அவர்கள் வாழும் வட்டாரத்தின் தேவையை ஒட்டிய தொழில் திறனையும் வாழ்க்கைத் திறனையும் குறுகிய காலத்தில் கற்பிக்கும் கல்வி நிறுவனமாகும். அமெரிக்காவில் தோன்றிய இக்கருத்து 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் தமிழ் நிலத்துக்கு ஏற்ற வடிவம் பெற்றது. இக்கட்டுரை அந்த வரலாற்றையும், அக்கல்லூரிகள் கையாண்ட கற்பித்தல் முறைகளையும், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை போன்ற பகுதிகளுக்கு அவை எந்த அளவு பொருந்தும் என்பதையும் விளக்குகிறது.

தேவையின் அளவு

உயர்கல்வியில் இந்தியாவின் முன்னணி மாநிலங்களுள் ஒன்று தமிழ்நாடு. ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடப்படும் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. அகில இந்திய விகிதம் 28.4 விழுக்காடு. பெருமைப்படத்தக்க எண்தான். எனினும் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முன்னணி மாநிலத்திலேயே அந்த வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேர் எந்தக் கல்லூரியிலும் இல்லை. மலைக் கிராமங்களிலும் கூலி வேலைக்காக இடம்பெயரும் குடும்பங்களிலும் இந்நிலை இன்னும் கடுமையானது. சமுதாயக் கல்லூரி இவர்களை நோக்கிப் பிறந்த கல்வி.

அமெரிக்காவில் தோற்றம்

இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கப்பட்ட ஜோலியட் இளநிலைக் கல்லூரி, அமெரிக்காவில் தொடர்ந்து இயங்கிவரும் மிகப் பழைய பொதுச் சமுதாயக் கல்லூரியாகக் கருதப்படுகிறது. உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் ஊரை விட்டுச் செல்லாமலே பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை முடிக்க வேண்டும் என்பதே அதன் தொடக்கக் குறிக்கோள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கல்விக்கு உதவ 1944-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின் இலட்சக்கணக்கானோர் கல்லூரிக்கு வந்தனர். குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947-இல் அளித்த அறிக்கையே 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயரைப் பரவலாக்கியது.

சேர்க்கையில் வடிகட்டல் இல்லாததால், அக்கல்லூரிகளில் பலதரப்பட்ட மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். அதுவே புதிய கற்பித்தல் முறைகளைத் தேட அவர்களைத் தூண்டியது. மிச்சிகனின் ஓக்லாண்டு சமுதாயக் கல்லூரி 1965-இல் திறக்கப்பட்டபோது, ஒலிநாடாவைக் கேட்டு ஒவ்வொரு மாணவரும் தம் வேகத்தில் கற்கும் முறையைக் கல்லூரி முழுவதற்கும் ஏற்றது. அம்முறை நெடுநாள் நிலைக்கவில்லை. நியூயார்க்கில் 1971-இல் தொடங்கிய லகார்டியா சமுதாயக் கல்லூரி, பணியிடப் பயிற்சியைப் படிப்பின் கட்டாயப் பகுதியாக்கியது. இது பலராலும் பின்பற்றப்பட்டது. கருவி மட்டும் கற்பித்துவிடாது, ஆசிரியரும் பணியிடமும் சேரும்போதே கல்வி நிலைக்கிறது என்பது இவ்விரு அனுபவங்களையும் ஒப்பிடும்போது புலப்படும்.

தமிழ்நாட்டின் முன்னோடி முயற்சிகள்

கைத்தொழிலையும் கல்வியையும் இணைக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்றல், நெசவு, வேளாண்மை ஆகியவற்றின் வழியே பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலும் ஆதாரப் பள்ளிகள் பல இயங்கின. திண்டுக்கல் அருகே டாக்டர் சௌந்தரம், ஜி. ராமச்சந்திரன் இணையர் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் இவ்வழியில் வளர்ந்து, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழக நிலையைப் பெற்றது.

இதே காலத்தில் நிகழ்ந்த இன்னொன்று, தொழிற்கல்வி பற்றிய தமிழ்நாட்டின் பார்வையை நிரந்தரமாக மாற்றியது. முதலமைச்சர் இராஜாஜி 1953-இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் திருத்திய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிடர் கழகத்தாரும், திராவிட முன்னேற்றக் கழகத்தாரும், காங்கிரசுக்குள்ளேயே பலரும் இதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று கூறிக் கடுமையாக எதிர்த்தனர். 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சி மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டது. கிராமத்துப் பிள்ளைக்குத் தொழில் கற்றுத் தருகிறோம் என்று யார் சொன்னாலும், "எந்தத் தொழில்? யாருடைய பிள்ளைக்கு? அதற்கு மேல் படிக்க வழி உண்டா?" என்று தமிழ்நாடு கேட்பதற்கு இந்த வரலாறே காரணம். சமுதாயக் கல்லூரிகளும் இக்கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

1964-66 கோத்தாரிக் கல்விக் குழு மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோது தொழிற்பிரிவும் உடன் வந்தது. அதே ஆண்டில், வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றிய மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைத் தொழிற்கல்வி பற்றிய தன் அறிக்கையை அளித்தது. செய்வதன் வழியே கற்றல் என்பதே அதன் சாரம். நடைமுறையில், கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதாமையால், பல பள்ளிகளில் தொழிற்பிரிவு 'மதிப்பெண் குறைந்தவர்களின் பிரிவு' என்று கருதப்படலாயிற்று. மேல்நிலைப் பள்ளியில் பணியாற்றிய எந்த ஆசிரியரும் இதை அறிவார்.

கற்பிக்கும் முறையில் பெரும் மாற்றத்தைக் காட்டியது அறிவொளி இயக்கம். 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவு ஒரு மக்கள் இயக்கமாக மாறியது. கல்குவாரித் தொழிலாளிப் பெண்களும் வேளாண் கூலிப் பெண்களும் எழுதப் படிக்கக் கற்றதோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். தெருநாடகமும் பாட்டும் பாடமாயின. அகர வரிசையிலிருந்து தொடங்காமல், 'பட்டா' போல வயது வந்தோரின் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்து பாடம் தொடங்கியது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரே வகுத்த முறையின் தமிழ் வடிவம் இது. கற்பவரின் வாழ்க்கையே பாடத்தின் தொடக்கம் என்ற இக்கொள்கை, சில ஆண்டுகளில் தோன்றிய சமுதாயக் கல்லூரிகளிலும் காணப்படுகிறது.

புதுச்சேரியும் சென்னையும்

இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தால் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1996-இல், சென்னை-மயிலை உயர் மறைமாவட்டத்தின் சார்பில் சென்னை சமுதாயக் கல்லூரி தொடங்கியது. தமிழ்நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி இதுவே. புதுச்சேரிக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக விளங்கியது. சென்னைக் கல்லூரியோ பல்கலைக்கழக அமைப்புக்கு வெளியே, தன்னார்வ முயற்சியாகப் பிறந்தது. தமிழ்நாட்டில் பின்னர் தோன்றிய பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகள் இரண்டாவது மாதிரியைப் பின்பற்றியவை.

இவ்வியக்கத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இயேசு சபைக் குருவும் கல்வியாளருமான சேவியர் அல்போன்ஸ். சமுதாயக் கல்லூரிகளுக்கான ஆய்வு, மேம்பாட்டு மையம் ஒன்று 1999-இல் சென்னையில் அவரை இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பட்டது. புதிதாகக் கல்லூரி தொடங்க விரும்பும் தொண்டு நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடத்திட்ட உருவாக்கம் ஆகியவை அம்மையத்தின் பணிகளாயின. ஒதுக்கப்பட்டவரை உள்ளே கொண்டுவருதல், கடைக்கோடியில் இருப்பவருக்கே சிறந்ததைத் தருதல் என்பது இயக்கத்தின் கொள்கையாக முன்வைக்கப்பட்டது. இம்முயற்சியால் சமுதாயக் கல்லூரி மாதிரி தமிழ்நாட்டைக் கடந்து பிற மாநிலங்களுக்கும் சென்றது.

கற்பித்தல் முறைகள்

சமுதாயக் கல்லூரிகளின் சிறப்பு அவற்றின் கட்டடத்திலோ பட்டயத்திலோ இல்லை. கற்பிக்கும் முறையில் இருக்கிறது. அம்முறையின் கூறுகள் பின்வருமாறு.

1. தேவை ஆய்வு: பாடப்பிரிவைத் தொடங்கும் முன், அந்த வட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று கள ஆய்வு செய்யப்படுகிறது. மருத்துவமனை, பட்டறை, உணவகம், அச்சகம், சிறுதொழில் நடத்துவோர் ஆகியோருடன் பேசிய பிறகே பாடம் வகுக்கப்படுகிறது. வழக்கமான கல்லூரியில் பாடத்திட்டம் மேலிருந்து வரும். இங்கே ஊரிலிருந்து வருகிறது. ஒரு வட்டாரத்தில் தேவை தீர்ந்துவிட்டால் அந்தப் பாடப்பிரிவை நிறுத்திவிட்டு வேறொன்றைத் தொடங்கும் நெகிழ்வும் இதில் உண்டு. நோயாளர் பராமரிப்பு உதவியாளர், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, வாகனப் பழுதுபார்ப்பு, கணினி அச்சுக்கோப்பு, தையல் மற்றும் ஆடை வடிவமைப்பு, உணவுத் தயாரிப்பு, மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி முதலியவை பரவலாக நடத்தப்பட்டவை.

2. திறந்த சேர்க்கை: மதிப்பெண், வயது ஆகிய தடைகள் பெரும்பாலும் இல்லை. பள்ளிப் படிப்பை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆனவரும், திருமணமான பெண்களும் சேரலாம். கட்டணம் குறைவு.

3. வாழ்க்கைத் திறன்: முதலில் கற்பிக்கப்படுவது தொழில் அன்று. தன்னைப் பற்றிப் பேசுதல், பிறர் சொல்வதைக் கேட்டல், கோபத்தையும் தோல்வியையும் கையாளுதல், குழுவாக வேலை செய்தல், எளிய ஆங்கிலம், அடிப்படைக் கணினி ஆகியவையே முதற்பாடம். "உனக்குப் படிப்பு வராது" என்று பல முறை கேட்டுப் பழகிய ஒருவரிடம் முதல் நாளே கருவியைக் கொடுத்தால், அவர் அதையும் பயத்தோடுதான் தொடுவார். தன்னம்பிக்கையைத் திரும்பப் பெற்றுத் தருவதே இப்பகுதியின் நோக்கம். சமுதாயக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் மிகவும் பாராட்டப்பட்ட பகுதியும் இதுதான்.

4. தொழில் திறனும் பணியிடப் பயிற்சியும்: கோட்பாட்டைவிடச் செய்முறைக்கு நேரம் அதிகம். ஓராண்டுப் பட்டயப் படிப்பில், வகுப்பறைப் பாடத்துக்குப் பின் மாணவர்கள் மருத்துவமனையிலோ பட்டறையிலோ நிறுவனத்திலோ நேரடிப் பயிற்சி பெறுகின்றனர். பயிற்சி தந்த இடத்திலேயே வேலை கிடைப்பதும் உண்டு. கற்பிப்போரிலும் ஒரு பகுதியினர் அத்தொழிலைச் செய்துவருபவர்கள். வாகனப் பழுதுபார்ப்பைக் கற்பிப்பவர் காலையில் தம் பட்டறையில் வண்டியைப் பிரித்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருபவராக இருக்கலாம்.

5. பலர் சேர்ந்து மதிப்பிடுதல்: மாணவர் தம்மைத் தாமே மதிப்பிடுகிறார், உடன் பயில்வோரும், ஆசிரியரும், பயிற்சி தந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளரும் மதிப்பிடுகின்றனர். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் தோற்றே பள்ளியை விட்டவர்கள் மீண்டும் அதே தேர்வால் வெளியேற்றப்படாமல் இருக்க இது உதவியது.

6. வீட்டுத் தொடர்பு: மாணவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் ஆசிரியர் வீட்டுக்குச் செல்வதும், பெற்றோரிடம் பேசுவதும் ஆசிரியர் பணியின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகச் சென்ற அதே வேலைதான் இது. கல்லூரி நிலையில் அதைச் செய்தது புதுமை.

அங்கீகாரம் என்னும் சிக்கல்

தொடக்க காலச் சமுதாயக் கல்லூரிகள் அளித்த சான்றிதழை அந்தந்த வட்டாரத்தில் வேலை தருவோர் ஏற்றனர். ஆனால் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ அது செல்லாது. இதைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்தன. 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனங்கள் நடத்திய சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கி, பட்டயச் சான்றிதழைத் தன் பெயரில் அளித்தது. 2009-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு தழுவிய சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கியது. குறுகிய காலத்தில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பதிவு செய்தன. அத்தனை வேகமாகப் பெருகியவற்றின் தரத்தைக் கண்காணிப்பது எளிதாக இல்லை. சில ஆண்டுகளிலேயே அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் சமுதாயக் கல்லூரித் திட்டத்தை அறிவித்தது. இதில் முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. புதிய தனி நிறுவனங்களைத் தொடங்குவதற்குப் பதிலாக, ஏற்கனவே இயங்கும் கலை அறிவியல் கல்லூரிகளுக்குள்ளும் பயிலகங்களுக்குள்ளும் சமுதாயக் கல்லூரிப் பாடப்பிரிவுகளை நடத்த நிதி அளிக்கப்பட்டது. உள்ளூர்த் தொழில் நிறுவனங்களுடன் உடன்பாடு செய்துகொள்வது கட்டாயமாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2014-இல் தொழிற்கல்விக்கான பி.வோக். பட்டப்படிப்பு வந்தது. இதனால் சான்றிதழ், பட்டயம், உயர் பட்டயம், பட்டம் என்று ஒரு படிக்கட்டு, குறைந்தது தாளிலாவது, உருவானது.

இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய கல்லூரியின் வளாகத்துக்குள் சென்றதும், பள்ளியை இடையில் விட்டவருக்கான இடம் சுருங்கி, பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவரே பெரும்பாலும் சேரலாயினர். அங்கீகாரம் இல்லாதபோது வாயில் அகலமாக இருந்தது; அங்கீகாரம் வந்தபோது வாயில் குறுகியது. சமுதாயக் கல்லூரி வரலாற்றின் மையச் சிக்கல் இதுவே எனலாம்.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி முன்பு தென்னாற்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டத்தின் தலைநகரானது. கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி ஆகியவை இப்பகுதியின் முக்கிய விளைபொருள்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டறையில் உளியைப் பிடித்துக் கற்ற கலை, பாடநூலின்றியே தலைமுறைகளைக் கடந்து வந்ததற்கு அது சான்று.

மாவட்டத்தின் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை நிற்கிறது. மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், கருமந்துறை உள்ளிட்ட மறுபக்கம் சேலம் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளி என்று அழைக்கப்படுகின்றனர். மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. இவர்களின் மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்தனர் என்பது அவர்களின் வாய்மொழி மரபு. நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் ஆளுகையில் இருந்த மலை, 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சமவெளியில் காமராசர் காலத்துப் பள்ளிகள் ஒரு தலைமுறையைப் படிக்க வைத்து முடித்த பிறகே, இம்மலையில் சாலையும் பள்ளியும் அரசு அலுவலகமும் முறையாக வரத் தொடங்கின என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இங்குள்ள பலர் குடும்பத்தின் முதல் தலைமுறைக் கற்போராக இருப்பதற்கு இதுவும் காரணம்.

இன்று மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. வெள்ளிமலையில் ஏகலவ்யா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி உண்டு. கருமந்துறையில் பழங்குடியினருக்கான அரசு தொழிற்பயிற்சி நிலையம் இயங்குகிறது. ஆனால் பள்ளியை விட்டபின் என்ன என்ற கேள்விக்கு மலையில் கிடைக்கும் விடைகள் குறைவு. கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலைக்குச் செல்வது ஒன்று. இதைவிட ஆபத்தான வழிகளும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்ட 20 தமிழர்கள் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மலையாளிப் பழங்குடியினர் பலரும் அவர்களுள் அடங்குவர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதனைத் தொடர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. சாராயம் காய்ச்சுவதைத் தடுப்பது காவல்துறையின் வேலை. காய்ச்சாமல் பிழைக்க வழி காட்டுவது கல்வியின் வேலை.

கல்வராயனுக்குப் பொருந்தும் பாடம்

சமுதாயக் கல்லூரியின் முதல் விதியான தேவை ஆய்வை இம்மலையில் செய்தால் என்ன கிடைக்கும்? கடுக்காய், புளி, சீகைக்காய், தேன், சாமை, தினை, மரவள்ளி ஆகியவை மலையின் விளைபொருள்கள். கடுக்காய் தோல் பதனிடவும் மருந்துக்கும் பயன்படுவது. இவை பெரும்பாலும் மூட்டையாகவே மலையிறங்குகின்றன. தரம் பிரித்தல், பொடியாக்கல், பொதிதல், விலை பேசுதல் எல்லாம் கீழே நடக்கின்றன. மலைவாழ் மக்களுக்கான பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் இங்கு உண்டு. அதன் கணக்கை எழுதவும் எடையைச் சரிபார்க்கவும் தெரிந்த இளைஞர்கள் ஊருக்குப் பத்துப்பேர் இருந்தாலே விற்பனையின் போக்கு மாறும். மலையில் உதவிச் செவிலியர், நோயாளர் பராமரிப்பு உதவியாளர், மின்மோட்டார் பழுதுபார்ப்பவர், ஓட்டுநர் ஆகியோருக்கு எப்போதும் தேவை உண்டு. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மருத்துவ உதவிப் பணிகளைக் கற்பதற்கான பயிற்சிக் களமாக அமையக்கூடியது.

அறிவொளியின் முறையும் இங்கே பொருந்தும். 'பட்டா' என்ற சொல் சமவெளியில் ஒரு பாடச் சொல். மலையில் அது அன்றாட வழக்கு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் எழுதுதல், கிராமசபைத் தீர்மானத்தைப் படித்தல், வரைபடத்தில் தம் நிலத்தை அடையாளம் காணுதல் ஆகியவற்றை வாழ்க்கைத் திறன் பாடமாக வைத்தால், அது நேர்முகத் தேர்வுக்கு மட்டும் பயன்படும் பாடமாக நின்றுவிடாது.

பாடத்திட்டத்தைவிடவும் பயணமே பெரிய தடை என்பதையும் மறக்கக் கூடாது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் மிஞ்சும் தொகையை ஈடுசெய்தல், இலவசப் பயண அட்டை, புத்தக உதவி, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் ஆகியவையே அதன் கூறுகள். 2015-இல் வெளியான மதிப்பீட்டின்படி, இத்திட்டத்தில் சேர்ந்தவர்களில் 40 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றனர். சேராதவர்களில் 22 விழுக்காட்டினரே பெற்றனர். உலகின் பெருநகரம் ஒன்றிலேயே பயண அட்டையும் விசாரிக்க ஒரு மனிதரும் இத்தனை மாற்றம் தருமானால், ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய வகுப்பே போய்விடும் மலைக் கிராமத்தில் அவை எவ்வளவு தரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேற்படிப்பு செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024), திறன் பயிற்சிக்கான நான் முதல்வன் திட்டமும் (2022) இத்திசையில் எடுத்த நல்ல அடிகள்.

விமர்சனங்கள்

சமுதாயக் கல்லூரி மீது வைக்கப்படும் முக்கிய விமர்சனம், அது ஏழைகளைச் சிறிய வேலைகளில் நிறுத்திவிடுகிறது என்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960-இலேயே இதைச் சுட்டினார். பெரிய கனவோடு வரும் மாணவரை மெதுவாக ஆற்றுப்படுத்தி, சிறிய இலக்கை ஏற்கச் செய்யும் இடமாக இக்கல்லூரிகள் செயல்படுகின்றன என்பது அவர் கருத்து. தமிழ்நாட்டின் குலக்கல்வி எதிர்ப்பும் வேறு சொற்களில் இதையே கேட்டது. பழங்குடிப் பிள்ளைக்குத் தேன் பொதியும் பயிற்சி, நகரத்துப் பிள்ளைக்கு மருத்துவப் படிப்பு என்று பிரித்துவிட்டால், 1953-இன் தவறு புதிய பெயரில் திரும்பி வரும்.

இந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. அதற்கான விடை, ஒவ்வொரு படிப்புக்கும் மேலே ஒரு கதவைத் திறந்து வைப்பதே. நோயாளர் பராமரிப்பு உதவியாளராகப் பயின்ற பெண் விரும்பினால் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதவும், பின்னர் செவிலியர் பட்டயத்துக்குச் செல்லவும் வழி இருக்க வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதை ஒட்டிய மதிப்பெண் வங்கி முறையும் படிப்பில் பல இடங்களில் நுழையவும் வெளியேறவும் இடம் தருகின்றன. இதில் வெளியேறுவது எப்போதும் எளிது. திரும்ப நுழைவதுதான் கடினம். யார் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கை வைத்தே இத்தகைய ஏற்பாடுகளை மதிப்பிட வேண்டும்.

மதிப்பீடு

சமுதாயக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் மூன்று பதிற்றாண்டுகளை எட்டிவிட்டன. அவற்றின் பெயர்ப்பலகைகள் பல மாறின, சில மறைந்தன. ஆனால் அவை நடைமுறைப்படுத்திக் காட்டியவை இன்று பொதுக் கல்வியிலும் இடம்பெற்றுள்ளன. வட்டாரத் தேவையிலிருந்து பாடத்தை வகுத்தல், பணியிடத்தை வகுப்பறையாக்குதல், வாழ்க்கைத் திறனைப் பாடமாக ஏற்றல், மதிப்பெண் குறைந்தவரையும் மதிப்போடு நடத்துதல் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இக்கட்டுரையாளர் ஆசிரியப் பணியில் கண்டவரை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளில் படிப்பு வராததால் நின்றவர்கள் மிகச் சிலர். பேருந்து இல்லாததால், கரும்பு வெட்டும் பருவம் வந்ததால், தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், சில வேளைகளில் வகுப்பில் ஒருவர் சொன்ன ஒரு சொல்லால் நின்றவர்களே அதிகம். நின்ற காரணம் நீங்கும்போது திரும்பி வர ஓர் இடம் வேண்டும். சமுதாயக் கல்லூரி என்பது அந்த இடத்துக்குப் பெயர். கல்வராயன் மலையின் உச்சியில் அப்படி ஒரு வாயில் திறந்து, அதன் வழியே உள்ளே வந்தவர் மேலே செல்லவும் வழி இருக்குமானால், புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கிய அந்த முயற்சி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது எனலாம்.